முப்பத்தொரு கட்டத்து எண்

மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்களுக்கு ஒரு தலைப்பு மனப்பாடம்: விஞ்ஞான வளர்ச்சியில் முஸ்லிம்களின் பங்களிப்பு. கண்டி, அக்குறணை, மடவளை, கம்பளை என்று நான் போன இடங்களில் எல்லாம் அதே பெயர் வரிசைதான். அல்-குவாரிஸ்மி அட்சரகணிதத்தின் தந்தை. இப்னு ஸீனா மருத்துவத்தின் தந்தை. இப்னுல் ஹைதம் ஒளியியலின் தந்தை. தந்தைமார் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் என்னதான் செய்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. தாபித் இப்னு குர்ராவையும் இந்த வரிசையில் சேர்த்து நாலைந்து பிள்ளைகள் பேசிக் கேட்டிருக்கிறேன். அவர் ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியீ, முஸ்லிம் அல்லர். பக்தாதின் அறிவு மன்றம் அவரையும் மடியில் வைத்து வளர்த்தது என்பதுதான் நாம் பெருமைப்பட வேண்டிய விசயம். அதை விட்டுவிட்டு ஆளையே மாற்றிவிடுகிறோம்.

ஒரு போட்டி முடிந்த பிறகு ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், இப்னுல் ஹைதம் கணக்கிலயும் பெரிய ஆள்னு சொல்றாங்களே, அவர் அப்புடி என்ன கணக்குத்தான் செஞ்ச?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்தவன்; கணிதம் என் பாடமல்ல. ஆனால் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் ரிலீஃப் பாடவேளைகளுக்குப் போய்ப் போய் அந்தப் பக்கமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இங்கே விரித்து எழுதுகிறேன். அந்த எண் 2,147,483,647. வாயால் சொன்னால் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647.

இது ஒரு முதன்மை எண். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. நம் பாடப்புத்தகங்கள் முதன்மை எண் என்கின்றன. தமிழ்நாட்டில் பகா எண் என்கிறார்கள். இரண்டும் நல்ல சொற்கள். அறபியில் இதற்கு அவ்வலீ என்று பெயர். முதலாவது என்ற பொருள். நம் முதன்மை எண் அதற்கு நேர். பகா எண்ணோ நன்னூல் வாசனை உள்ளது. பகுபதம், பகாப்பதம் என்று படித்தோமே, அதே பகா. பகாப்பதத்தைப் பிரித்தால் பொருள் கெடும். பகா எண்ணைப் பிரிக்கவே முடியாது. நான் இரண்டையும் மாறிமாறி எழுதினால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெல்லும் சதுரங்கமும்

இந்த எண் எங்கிருந்து வருகிறது? சதுரங்கக் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நாலு, இப்படி இரட்டித்து 64 கட்டத்தையும் நிரப்பிக் கேட்ட பண்டிதரின் கதை. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் அதை எழுதி வைத்தார். அவருக்கு முன்பே அல்-பிரூனி அந்த மொத்தத்தைக் கணக்கிட்டிருந்தார்: 18,446,744,073,709,551,615. கதையில் கோதுமை. நமக்கு நெல் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு கட்டம் நிரப்பினால் மொத்தம் 3 மணி. மூன்று கட்டத்துக்கு 7. நாலுக்கு 15. ஐந்துக்கு 31. அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதில் எப்போதும் ஒன்று குறைவு. முப்பத்தொரு கட்டங்களை நிரப்பினால் வரும் மொத்தந்தான் நம்முடைய 2,147,483,647. கணிதப் பாடத்தில் சொன்னால் 2இன் 31ஆம் வலுவில் ஒன்று குறைவு. ஆயிரம் நெல்மணி சுமார் 25 கிராம் என்று கொண்டால் ஐம்பது தொன்னுக்கு மேல் வரும். கண்டிக்கு வரும் பெரிய லொறிகளில் ஐந்தாறு லோட். பலகையில் இன்னும் பாதிக்கு மேல் கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன!

இந்த மொத்தங்களில் எவை பகா எண்? 3 ஆம். 7 ஆம். 15 இல்லை. 31 ஆம். 63 இல்லை. 127 ஆம். இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கட்டங்களின் எண்ணிக்கை வகுபடுமானால் நெல்லின் எண்ணிக்கையும் வகுபடும். ஆறு கட்டங்களை எடுங்கள். இரண்டிரண்டாகப் பிரித்தால் முதல் சோடியில் 1+2, அதாவது 3. அடுத்த சோடியில் 4+8. அது நாலு மூன்று. கடைசிச் சோடி 16+32, பதினாறு மூன்று. ஆகவே எல்லாவற்றிலும் 3 பொதுவாக நிற்கிறது. 63 பகா எண்ணாக இருக்க வழியேயில்லை. எனவே கட்டத்தின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் மொத்தம் பகா எண்ணாக வர முடியும்.

ஆனால் வந்தே தீரும் என்று நினைத்துவிடக் கூடாது. 11 பகா எண். பதினொரு கட்டத்து மொத்தம் 2,047. அது 23 தர 89. இந்த இடத்தில்தான் கணிதம் பேச்சுப் போட்டியிலிருந்து பிரிகிறது. நாலு தடவை சரியாக வந்துவிட்டது என்பதற்காக ஐந்தாவது தடவையும் சரி என்று மேடையில் கைதட்டு வாங்கலாம், கணிதத்தில் முடியாது. பிரான்சிய மதகுரு மெர்சென் 1644இல் இத்தகைய எண்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். 31 அதில் உண்டு, அது சரி. 67, 257 என்பவற்றையும் போட்டார்; அவை பிழை. ஆனாலும் இந்த வகை முதன்மை எண்களுக்கு இன்றுவரை மெர்சென் எண்கள் என்றே பெயர்.

அப்படியானால் 31 கட்டத்து எண் பகா எண்தான் என்பதை எப்படி நிச்சயப்படுத்துவது? இந்தக் கேள்விக்கு வந்த விடைகள்தான் இந்தக் கட்டுரையின் உயிர். முதல் வழி கெய்ரோவிலிருந்து வருகிறது.

கெய்ரோவில் ஒரு விடுகதை

இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354 அளவில், அதாவது கி.பி. 965 அளவில், பஸராவில் பிறந்தவர். நைல் நதியை அடக்கித் தருவதாகச் சொல்லி ஃபாத்திமி கலீபா அல்-ஹாகிமின் அழைப்பில் எகிப்து போய், முடியாது என்று கண்டு, தண்டனைக்குப் பயந்து பைத்தியக்காரர் போல் நடித்தார் என்று வரலாறு சொல்கிறது. 1021இல் ஹாகிம் போன பிறகு அல்-அஸ்ஹருக்கு அருகில் தங்கி, நூல்களைப் பிரதியெடுத்துக் கொடுத்துச் சீவித்தார். 1040 அளவில் காலமானார். ஒளியியல் நூலின் புகழில் அவருடைய எண் கணக்குகள் மறைந்து போயின. எகிப்தில் பிறந்த விஞ்ஞான வரலாற்றாசிரியர் ருஷ்தி ராஷித் போன்றோர் பழைய பிரதிகளைத் தேடிப் படித்துத்தான் அவற்றை நம் காலத்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள்.

அவற்றில் ஒன்று ஒரு சிறு புதிர். ஓர் எண், அதை 2, 3, 4, 5, 6 எதனால் வகுத்தாலும் 1 மீதி, 7ஆல் வகுத்தால் மீதியே இல்லை. அது எது? நம் வீட்டுப் பெரியவர்கள் முட்டைக்கூடைக் கணக்கு என்று போடுவார்களே, அதே சாதி. இப்னுல் ஹைதம் சொன்ன விடை: ஒன்றிலிருந்து ஆறு வரை பெருக்கு, ஒன்றைக் கூட்டு. 720உம் 1உம், 721. (301 என்ற சிறிய விடையும் உண்டு, அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.) 2இலிருந்து 6 வரை எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சும் என்பது பார்த்தவுடன் விளங்கும். 7ஆல் ஏன் சரியாக வகுபட வேண்டும்? அதுதான் அதிசயம். 721 என்பது 7 தர 103.

இது 7க்கு மட்டும் உரியதல்ல, எல்லா முதன்மை எண்களுக்கும் உரிய குணம் என்று அவர் கண்டு சொன்னார். எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும், அதற்குக் கீழேயுள்ள எல்லா எண்களையும் பெருக்கி ஒன்று கூட்டினால் அந்த எண்ணால் வகுபடும். காரணத்தை 7ஐ வைத்தே காட்டலாம். 2உம் 4உம் சோடி, பெருக்கினால் 8, 7ஆல் வகுக்க மீதி 1. 3உம் 5உம் சோடி, 15, அதற்கும் மீதி 1. சோடியில்லாமல் நிற்பவை 1உம் 6உம். எனவே முழுப் பெருக்கத்தின் மீதி 6. ஒன்றைக் கூட்டினால் 7, வகுபட்டுவிட்டது. எவ்வளவு பெரிய முதன்மை எண்ணிலும் இப்படியே மற்ற எல்லாம் சோடி சேர்ந்துவிடும், முதலும் கடைசியும் மட்டும் தனித்து நிற்கும். முதன்மை அல்லாத எண்ணில் இது நடக்காது. 6ஐ எடுங்கள்: 1 முதல் 5 வரை பெருக்க 120, ஒன்று கூட்ட 121, ஆறால் வகுபடாது.

இந்த உண்மைக்கு இன்று உலகம் முழுவதும் வில்சன் தேற்றம் என்று பெயர். ஜோன் வில்சன் என்ற ஆங்கிலேய மாணவர் கவனித்ததாக அவருடைய ஆசிரியர் வேரிங் 1770இல் அச்சிட்டார். வில்சன் பிறகு கணிதத்தை விட்டுவிட்டு நீதிபதியாகிவிட்டார். மறு வருடம் லக்ராஞ்ச் அதை நிறுவினார். 700 வருடம் முந்தியவரின் பெயர் இல்லாமல் போனது அநியாயம்தான். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது: இப்னுல் ஹைதம் அதைச் சொன்னார், பயன்படுத்தினார், நிறுவல் எழுதவில்லை. நிறுவிய பெருமை லக்ராஞ்சுக்கே. பெயரை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிப்பதைவிட, அந்தச் சோடி சேர்க்கும் வேலையை ஒரு பிள்ளைக்கு 11ஐ வைத்து ஒரு தரம் செய்யக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

சரி, இந்த வழியால் நம் எண்ணைச் சோதிக்கலாமா? சோதிக்கலாம். 1 முதல் 2,147,483,646 வரை பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அதனால் எண்கள் கட்டுமீறிப் பெருக்காது. ஆனால் பெருக்கல்களோ 214 கோடிக்கு மேல். உண்ணாமல் உறங்காமல் விநாடிக்கு ஒன்று செய்தால் 68 வருடமும் 18 நாளும் ஆகும். 1970 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கினால் 2038 ஜனவரி 19ஆம் திகதிதான் முடியும். இந்த இரண்டு திகதிகளையும் மனதில் வையுங்கள், திரும்பவும் வரும்.

கண் தெரியாத மனிதரின் 372 வகுத்தல்

இரண்டாவது வழி ஒய்லருடையது. 1772இல் அவர் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தார். பார்வை ஏறத்தாழ முற்றாகப் போய்விட்ட காலம். அந்த நிலையில்தான் 2,147,483,647 ஒரு முதன்மை எண் என்று பேர்னூலிக்குக் கடிதம் எழுதினார்.

சாதாரணமாக ஓர் எண்ணைச் சோதிக்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதற்குள் ஏறத்தாழ 4,800 முதன்மை எண்கள் இருக்கின்றன. ஒய்லர் அத்தனையையும் தொடவில்லை. இந்த எண்ணை வகுக்கக்கூடிய ஒருவன் இருந்தால் அவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று முதலில் யோசித்தார்.

கண்டி வாவியைச் சுற்றி ஒருவர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்குச் சரியாக 31 அடி. புறப்பட்ட இடத்தில் அவர் மீண்டும் நிற்பது 31, 62, 93 என்ற அடிகளில் மட்டுந்தான். இப்போது, q என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று கொள்வோம். 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் q ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால், 31ஆவது அடியில் மீதி திரும்பவும் 1க்கு வந்துவிடும். 31 பகா எண் என்பதால் இடையில் சிறிய சுற்று எதுவும் கிடையாது. இன்னொரு பக்கம், எந்தப் பகா எண் q ஆனாலும் (2ஐத் தவிர) q−1 ஆவது அடியில் மீதி 1 ஆகியே தீரும் என்பது ஃபேர்மாவின் பழைய தேற்றம். இரண்டும் சேர்ந்தால் q−1 என்பது 31இன் மடங்காக இருக்க வேண்டும். அது இரட்டை எண்ணும்கூட. ஆகவே 62இன் மடங்கு. இதோடு 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும் என்ற இன்னொரு விதியையும் சேர்த்தார். கடைசியில் 248இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டி வரும் எண்கள் மட்டுமே சந்தேக நபர்கள். வர்க்கமூலத்துக்குள் அப்படிப்பட்டவை சுமார் 372. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் போதும்.

பென்சிலும் தாளும் உள்ள வாசகர் தொடங்கிப் பார்க்கலாம். முதல் சந்தேக நபர் 311. வகுத்தால் ஈவு 6,905,092, மீதி 35. தப்பியது. அடுத்தவர் 1,303. மீதி 226. பிறகு 1,489. இப்படியே 46,340 வரை. ஒருவனும் பிடிபடவில்லை. கோடிக்கணக்கான பெருக்கலைச் சில நூறு வகுத்தலாக்கியது கைவேகம் அல்ல. பார்க்கத் தேவையில்லாததை முன்கூட்டியே விலக்கத் தெரிந்த புத்தி.

ஒய்லரும் இப்னுல் ஹைதமும் சந்திக்கும் இன்னோர் இடமும் உண்டு. தன் காரணிகளின் கூட்டுத்தொகையாகவே இருக்கும் எண்ணை நிறைவெண் என்பார்கள். 6க்கு 1+2+3. 28க்கு 1+2+4+7+14. ஒரு கட்டத் தொகை முதன்மை எண்ணாக இருந்தால் அதைக் கடைசிக் கட்டத்தின் நெல்லால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்று மறுபக்கத்தைக் காட்ட முயன்றவர் இப்னுல் ஹைதம். அவர் முழுதாக முடிக்கவில்லை. முடித்தவர் ஒய்லர், அந்தக் கட்டுரை அவர் இறந்து வெகுகாலத்துக்குப் பின் 1849இல்தான் அச்சானது. நம் எண் தரும் நிறைவெண் 2,305,843,008,139,952,128.

"பிரயோசனம் என்ன?"

வகுப்பில் இந்த இடத்தில் தவறாமல் ஒரு குரல் எழும்பும்: "இதால என்ன பிரயோசனம் ஈக்கிது, சேர்?" கேட்பவன் தனி ஆளல்ல. 1811இல் பீற்றர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித ஆசிரியர், நான் இப்போது சொன்ன நிறைவெண்தான் மனிதன் காணப்போகும் மிகப் பெரியது, இவை வெறும் விநோதங்கள், பயனற்றவை, ஆகவே இதற்கப்பால் தேட யாரும் மெனக்கெடமாட்டார்கள் என்ற கருத்தில் எழுதினார். நம் எண்ணும் 1867 வரை உலகுக்குத் தெரிந்த மிகப் பெரிய முதன்மை எண்ணாகவே வீற்றிருந்தது. பார்லோ சொன்னது பலித்துவிடும் போலத்தான் இருந்தது.

பிறகு கணினி வந்தது. கணினிக்குள் எண்ணை எழுதுவது நம் சதுரங்கப் பலகை மாதிரித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் நெல் வை, அல்லது வைக்காதே, வேறு தெரிவில்லை. நெடுங்காலம் ஓர் எண்ணுக்கு 32 கட்டங்கள் ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. ஒரு கட்டம் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போனால் மிச்சம் 31. எல்லாவற்றையும் நிரப்பினால் வரும் உச்ச எண் எது என்று சொல்லத் தேவையில்லை. 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாட்டின் யூடியூப் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியபோது, எண்ணும் முறையையே 64 கட்டத்துக்கு மாற்றியதாக நிறுவனம் அறிவித்தது.

அதைவிடப் பெரிய விசயம் நேரம். ஏராளமான கணினிகள் 1970 ஜனவரி 1 தொடக்கம் கழிந்த விநாடிகளை எண்ணித்தான் திகதியை அறிகின்றன. 31 கட்டத்தில் எண்ணும் பழைய இயந்திரங்களுக்கு அந்த எண்ணிக்கை 2,147,483,647இல் நிரம்பிவிடும். இலங்கை நேரப்படி அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியில், திருத்தப்படாத இயந்திரம் தன்னை 1901 டிசம்பரில் இருப்பதாக நினைக்கும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 கட்டத்துக்கு மாறிவிட்டன. சுவருக்குள்ளும் தொழிற்சாலைக்குள்ளும் புதைந்து கிடக்கும் பழைய கருவிகள்தான் கவலை. இப்னுல் ஹைதமின் வழியில் பெருக்கத் தொடங்கிய நம் கற்பனை ஆள் வேலையை முடிப்பதும் அந்த நாளில்தான்.

இரகசியம் காப்பதற்கு நம் எண் போதாது; பத்து இலக்கம் மிகச் சிறிது. ஆனால் வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிற ஒவ்வொருவரும் அதன் தம்பி ஒருவனைத் தெரியாமலே தினமும் பயன்படுத்துகிறார்கள். 255 கட்டங்களை நிரப்பி 18 நெல்லை மட்டும் எடுத்துவிட்டால் வரும் 77 இலக்க முதன்மை எண்தான் அந்தச் செய்திப் பூட்டின் அடியில் இருக்கிறது.

29 படிகள்

மூன்றாவது வழிக்கு வருவோம். பிரான்சின் லூகாஸ் 1870களில் தொடங்கி வைத்ததை அமெரிக்கரான லேமர் 1930 அளவில் செப்பனிட்டார். 4இல் தொடங்கு. அதன் வர்க்கத்தில் 2ஐக் கழி. வந்ததை மீண்டும் வர்க்கமாக்கி 2ஐக் கழி. கட்டங்களின் எண்ணிக்கையில் இரண்டு குறைவான தடவை இதைச் செய். வந்த எண் கட்டத் தொகையால் வகுபட்டால் அது முதன்மை எண், வகுபடாவிட்டால் அல்ல. ஐந்து கட்டத்துக்குப் பார்ப்போம், மூன்று தடவை. 4, 14, 194, 37,634. இதை 31ஆல் வகுத்தால் 1,214; மீதியில்லை.

31 கட்டத்துக்கு 29 தடவை செய்தால் போதும். இங்கேயும் ஒவ்வொரு தடவையும் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதலில் 214 கோடி, பிறகு 372, இப்போது 29. எண் மாறவில்லை, கேள்வி மாறவில்லை. இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கான நிறுவலைச் சொல்ல இந்தக் கட்டுரையும் போதாது, என் படிப்பும் போதாது. ஆனால் படி எண்ணிக்கை எப்படிச் சுருங்குகிறது என்பதைப் பார்க்கும்போதே கணிதம் எங்கே வளர்கிறது என்பது புலப்படும். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண்ணும் இந்த வழியாலேயே உறுதி செய்யப்பட்டது. அது 136,279,841 கட்டத்துத் தொகை, இலக்கங்கள் 41,024,320. பக்கத்துக்கு 3,000 இலக்கமாக, இதழுக்கு 100 பக்கமாக, வேறு ஒன்றும் போடாமல் இந்தக் காலாண்டிதழ் அதை அச்சிட்டால் முடிய 34 வருடம் பிடிக்கும். ஆசிரியர் குழு பயப்பட வேண்டாம்.

லூகாஸ் வழி கட்டத் தொகைகளுக்கு மட்டுந்தான். ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்து இது பகா எண்ணா என்று கேட்டால், எந்த ஊகத்தையும் நம்பாமல் நிச்சயமாகவும் விரைவாகவும் சொல்ல ஒரு பொது வழி உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் கிடந்தது. தீர்த்தவர்கள் நம் அயலவர்கள். 2002 ஓகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் முதல் பட்டத்தை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு மாணவரும் ஒன்பது பக்கக் கட்டுரையில் அந்த வழியைக் காட்டினார்கள். இத்தகைய படிமுறைகளை உலகம் அல்கோரிதம் என்கிறது. அது அல்-குவாரிஸ்மியின் பெயர்தான்.

எட்டில் முறிந்த ஒழுங்கு

வேகமான வழிகள் வந்துவிட்டதால் இப்னுல் ஹைதமின் 721 வேலையற்றுப் போனதா? இல்லை. அதைக் கையில் எடுத்த ஒரு தமிழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சு. சி. பிள்ளை என்ற சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901இல் பிறந்தவர். தந்தையை இழந்து படிப்பு நிற்கவிருந்த வேளையில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்துப் படிக்க வைத்தார். 1929இலிருந்து பன்னிரண்டு வருடம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வில்சனின் ஆசிரியர் என்று மேலே சொன்னேனே, அந்த வேரிங் விட்டுச்சென்ற இன்னொரு புதிரில் பிள்ளை உலகப் புகழ் பெற்றார். எந்த எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் வலுக்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1940இல் நிறுவினார். ராமானுஜனை அறிந்த நம் பிள்ளைகள் இவரை அறியார்கள். 1950இல் அமெரிக்காவுக்கு, பிரின்ஸ்டன் நிறுவனத்தில் ஒரு வருடம் இருக்கவும் உலகக் கணித மாநாட்டில் கலந்துகொள்ளவும் புறப்பட்டவர், ஓகஸ்ட் 31ஆம் திகதி கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்திலேயே விழுந்து இறந்து போனார்.

721இன் காரணிகள் 7உம் 103உம். இரண்டையும் 6ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் மீதி 1. தற்செயலா? 1 முதல் 5 வரை பெருக்கி ஒன்று கூட்ட 121. அதன் காரணி 11. 5ஆல் வகுக்க மீதி 1. 4 வரை என்றால் 25, காரணி 5, நாலால் வகுக்க மீதி 1. 7 வரை போனால் 5,041. அது 71 தர 71. ஏழால் வகுக்க மீதி 1. எத்தனை அழகான ஒழுங்கு! எப்போதும் இப்படித்தானா என்பதுதான் பிள்ளையின் கேள்வி.

8 வரை பெருக்குங்கள். 40,320. ஒன்று கூட்ட 40,321. அது 61 தர 661. 61ஐ எட்டால் வகுத்தால் மீதி 5. 661க்கும் மீதி 5. ஒழுங்கு முறிந்துவிட்டது. இப்படி ஒழுங்கை முறிக்கும் முதன்மை எண்களுக்கு இன்று பிள்ளை எண்கள் என்று பெயர். மிகச் சிறியது 23: 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் வரும் 87,178,291,201, இருபத்துமூன்றால் வகுபடும், ஆனால் 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 9. இத்தகையவை முடிவில்லாமல் உண்டு என்பதையும் பின்வந்தவர்கள் நிறுவிவிட்டார்கள்.

அதே தேற்றத்தில் இன்னொரு வாசல் திறந்தே கிடக்கிறது. 5ஐ எடுங்கள். 1 முதல் 4 வரை பெருக்கி ஒன்று கூட்ட 25. அது 5ஆல் மட்டுமல்ல, ஐந்தின் வர்க்கத்தாலேயே வகுபடுகிறது. 7க்கு அப்படி இல்லை. 721ஐ 49 வகுக்காது. 13க்கு உண்டு. 563க்கு உண்டு. 20 இலட்சம் கோடி வரையுள்ள முதன்மை எண்களைக் கணினி கொண்டு தேடியிருக்கிறார்கள். 2,147,483,647உம் அந்த எல்லைக்குள் அகப்பட்டதுதான். அதற்கும் இந்தக் குணம் கிடையாது. 5, 13, 563 என்ற மூன்றைத் தவிர நான்காவது ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.